வெள்ளீயக் கூண்டுகள் வரையும் நுண்கோலம்

மழைக்காலத்தில் தோட்ட லயங்களின் தகரக் கூரை எழுப்பும் பேரோசையைத் தெமோதரையிலும் பதுளையிலும் வாழும் நேயர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயின், அக்கூரையிலே தகரம் என்னும் உலோகம் இல்லை என்பது பலருக்கு வியப்பாய் இருத்தல் கூடும். இரும்புத் தகட்டின்மீது துத்தநாகம் பூசி நெளித்தெடுத்த பொருளே அது. மெய்யான தகரம் வேறு. வெள்ளீயம் என்பதும் அதுவே. பித்தளைப் பாத்திரத்தைக் கனலிலே காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஒரு சிறு துண்டு உலோகத்தைத் தேய்த்த மாத்திரத்திலே பாத்திரத்தின் உட்புறம் வெள்ளி போலப் பளபளக்கச் செய்கின்றாரே ஈயம் பூசுபவர், அவர் கையிலிருப்பது வெள்ளீயம். வானொலிப் பெட்டியின் உள்ளே கம்பியோடு கம்பியைப் பிணைக்கும் பற்றாசிலும் பெரும்பங்கு அதுவே. மக்கள் வழக்கு இரும்புக்குத் தகரம் என்று பெயரிட்டுவிட்டுத் தகரத்திற்கு ஈயம் என்று பெயரிட்டது. அறிவியல் நூல்கள் இதனைத் திருத்த முயன்று இன்னும் வெற்றி காணவில்லை.

செம்போடு கலந்து வெண்கலம் ஆக்கிய காலந்தொட்டு ஐயாயிரம் ஆண்டுகளாக மனிதன் அறிந்த இவ்வுலோகம், இன்று அவன் வரையும் கோடுகள் அனைத்திலும் நுண்ணிய கோட்டை வரைவதற்கு அழைக்கப்பட்டுள்ளது. கணினிக்கும் கைப்பேசிக்கும் உயிராய் விளங்கும் சிலிக்கன் சில்லுகளின்மேல் வரையப்படும் கோடு அது. அதன் அகலம் பத்து, பதினைந்து நனோமீற்றர் என்னும் அளவிற்கு இறங்கிவிட்டது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஒன்றே நனோமீற்றர் ஆகும். 1946ஆம் ஆண்டு இந்நாட்டுத் தேயிலைக்குப் புகுந்து இளங்கொழுந்தைப் பாழ்படுத்திய கொப்புள நோயின் வித்தி கண்ணுக்குத் தெரியாத அளவினது. அவ்வித்தி ஒன்றன் குறுக்கே இத்தகைய கோடுகள் நூற்றுக்கணக்கில் அடங்கும்.

இக்கலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், கல்லிலே எழுதுதல் என்னும் பொருளுடையது. பழந்தமிழ் நூல்கள் சிலவற்றை அச்சேற்றிய அதே கல்லச்சுதான். 1790களில் ஜேர்மனியில் அலோயிசு செனபெல்டர் கண்ட முறை அது. எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று வெறுக்கும் இயல்பைக் கொண்டு அவர் கல்லில் அச்சிட்டார். பின்னர்ப் பிரான்சு நாட்டு நீசெபோர் நியெப்சு என்பவர் அத்தொழிலிலே ஈடுபட்டு, கையால் வரைவதற்குப் பதிலாக ஒளியைக் கொண்டே வரைவிக்க முயன்றார். நிலக்கீல் ஒருவகையை உலோகத் தட்டிற் பூசி வெயிலிலே வைத்தார். ஒளி பட்ட இடத்துக் கீல் இறுகியது. படாத இடத்துக் கீலை இலவந்தர் எண்ணெயாற் கழுவி நீக்கினார். 1826 அல்லது 1827ஆம் ஆண்டில் இவ்வாறு அவர் எடுத்த சாளரக் காட்சியே இன்று எஞ்சியுள்ள ஒளிப்படங்களுள் மிகப் பழையது. அவர் பயன்படுத்திய தட்டு பியூட்டர் என்னும் கலப்பு உலோகம். அதாவது பெரும்பாலும் வெள்ளீயம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர்த் தட்டாகக் கிடந்த உலோகம் இன்று தட்டின்மேற் பூச்சாக ஏறியிருக்கின்றது.

சில்லுத் தொழிலும் நியெப்சின் வழியிலேயே நடக்கின்றது. சிலிக்கன் தட்டின்மேல் ஒளியுணர் பூச்சு ஒன்று மெல்லிதாகப் பரப்பப்படுகின்றது. வேண்டிய உருவினூடாக ஒளி பாய்ச்சப்படுகின்றது. ஒளி பட்ட பகுதிக்கும் படாத பகுதிக்கும் கரையும் தன்மை வேறுபடுவதால், ஒன்று நிற்க மற்றொன்று கழுவுண்டு போகின்றது. நிற்கும் பகுதி கவசமாகித் தன் கீழ் உள்ள சிலிக்கனைக் காக்க, ஏனைய இடம் அரிக்கப்படுகின்றது. இதிலே இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது ஒளியின் அலைநீளம். தடித்த தூரிகையால் மெல்லிய கோடு வரைய இயலாது. இரண்டாவது பூச்சின் துணிக்கைப் பருமன். வாசலிலே கோலமிடும் பெண்கள் இதனை நன்கறிவர். மாவு கரகரப்பாய் இருந்தால் விரல் எவ்வளவு தேர்ந்ததாயினும் இழை மெல்லிதாய் விழாது.

முதலாம் எல்லையைக் குறைப்பதற்கே தொழில் பெரும்பொருளைச் செலவிட்டது. பாதரச விளக்கின் 365 நனோமீற்றர் ஒளியிலிருந்து லேசர்களின் 248, பின்னர் 193 என இறங்கி, இன்று 13.5 நனோமீற்றர் அலைநீளமுடைய அதிதீவிர ஊதாக்கடந்த ஒளிக்கு வந்து நிற்கின்றது. 2019ஆம் ஆண்டளவில் இவ்வொளி பெருந்தொகை உற்பத்தியிலே புகுந்தது. இதனை உண்டாக்கும் விதம் வியப்புக்குரியது. உருகிய வெள்ளீயத்தின் நுண்துளிகள் வினாடிக்கு 50,000 வீதம் வெற்றிடத்திலே பாய்கின்றன. ஒவ்வொரு துளியையும் லேசர் இருமுறை தாக்குகின்றது. முதல் அடி அதனைத் தட்டையாக்கும். இரண்டாம் அடி இரண்டு இலட்சம் பாகைக்கு மேற்பட்ட வெப்பமுடைய அயனாவியாக்கும். அவ்வாவி உமிழ்வதே அவ்வொளி. கண்ணாடி வில்லை இதனை விழுங்கிவிடும், காற்றும் விழுங்கிவிடும். ஆகவே மொலித்தனமும் சிலிக்கனும் மாறிமாறிப் பல அடுக்காகப் படிந்த ஆடிகளால், வெற்றிடத்திலேயே இதனைத் திருப்புகின்றனர். ஆடி ஒவ்வொன்றும் நூற்றுக்கு எழுபது பங்கையே திருப்புமாதலால், பத்து ஆடிகளைக் கடந்தபின் நூற்றுக்கு மூன்று பங்குகூட எஞ்சுவதில்லை.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற ஒளியைப் பூச்சு வீணாக்கலாகாது. இங்கேதான் இடர் தோன்றியது. அதுவரை வழங்கிய பூச்சுகள் காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகியவற்றாலான பல்பகுதியங்கள். 13.5 நனோமீற்றர் ஒளியை இம்மூலகங்கள் குறைவாகவே உறிஞ்சும். பூச்சைத் தடிப்பாக்கினால் உறிஞ்சுதல் கூடும் எனலாம். ஆனால் மெல்லிய கோடு உயரமாய் நின்றால், கழுவிய நீர் உலரும்போது, அறுவடைக்கு முன் மழையிற் பட்ட நெற்பயிர்போற் சாய்ந்துவிடும். மேலும், அப்பூச்சுகளிலே ஒளி பட்டதும் அமிலம் பிறந்து, அவ்வமிலம் அங்குமிங்கும் சில நனோமீற்றர் தூரம் நகர்ந்து வேலை செய்கின்றது. கோடு நூறு நனோமீற்றராய் இருந்த காலத்தில் அது பிழையன்று, பத்தானபோது பெரும்பிழை.

வேறொரு தொல்லையும் உண்டு. 193 நனோமீற்றர் ஒளித்துணிக்கையைவிட 13.5 நனோமீற்றர் ஒளித்துணிக்கை பதினான்கு மடங்கு ஆற்றல் உடையது. ஆதலால் ஒரே அளவு ஆற்றலைத் தருவதற்குத் துணிக்கைகளின் எண்ணிக்கை பதினான்கில் ஒரு பங்காகக் குறைகின்றது. சதுர சென்ரிமீற்றர் ஒன்றுக்கு 20 மில்லியூல் ஒளி விழுமாயின், சதுர நனோமீற்றர் ஒன்றுக்குப் பதினான்கு துணிக்கைகளே விழும். அவற்றுட் சிலவே பூச்சில் உறிஞ்சப்படும். கோடை மழையின் முதல் துளிகள் தேயிலை உலர்ந்த முற்றத்தில் விழுவதை நினைத்துக்கொள்க. ஓரிடம் நனையும், அடுத்த இடம் உலர்ந்தே கிடக்கும். பெருமழையானால் எங்கும் ஒருசேர நனையும். துளி குறைந்தால் கோட்டின் விளிம்பு பல்லுப் பல்லாய் அமையும். ஆயிரம் கோடிக் கோடுகளில் ஒன்று அறுந்தாலும் சில்லு முழுவதும் பயனற்றுப் போகலாம்.

இவ்விடத்திலே வெள்ளீயம் துணைக்கு வருகின்றது. அதன் அணு இவ்வொளியை மிகுதியாய் உறிஞ்சும் ஆற்றலுடையது. வெறும் உலோகம் பூச்சாகாது. கரையக்கூடிய சேர்வையாக இருத்தல் வேண்டும். காபனோடு நேரே பிணைந்த வெள்ளீயச் சேர்வையை முதலில் ஆக்கியவர் எட்வேட் பிராங்லாந்து என்னும் ஆங்கிலேயர், ஆண்டு 1849. அச்சேர்வைகள் நீரோடு கலந்து ஒட்சிசனைப் பற்றும்போது என்ன நிகழ்கின்றது என்பது நெடுங்காலம் தெளிவுறவில்லை. வெண்மையான பிசின்போல ஒன்று கிடைக்கும். முடிவில்லாது நீண்ட வலை என்று எண்ணி விட்டுவிடுவர்.

1989ஆம் ஆண்டு ஜேர்மனியைச் சேர்ந்த ஆன்சு பூவ், ஆன்சு இரொய்ட்டர் ஆகிய இருவரும் அவ்வகைச் சேர்வை ஒன்றைப் பளிங்காக்கி எக்ஸ் கதிரால் ஆராய்ந்து அதன் உருவை வெளியிட்டனர். அஃது ஒரு கூண்டு. பன்னிரண்டு வெள்ளீய அணுக்கள் பந்துபோல அமைந்து, இடையிடையே ஒட்சிசனால் இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வெள்ளீயத்தின் வெளிப்புறத்திலும் காபன் தொகுதி ஒன்று மயிர்போல நீட்டிக்கொண்டிருந்தது. காற்பந்துக் கொத்து என்று இதற்குப் பெயர் வழங்கலாயிற்று.

தெமோதரை நிலையத்தை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். 1924ஆம் ஆண்டு பதுளையை எட்டிய புகையிரதப் பாதை, செங்குத்தான மலையில் இறங்க இடமின்றி, நிலையத்தைக் கடந்து குன்றைச் சுற்றி வந்து, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே செல்கின்றது. கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டியதைக் கண்ட பொறியியலாளருக்கு இவ்வழி தோன்றியது என்று மலைநாட்டிலே ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, நீண்டு போகவேண்டிய ஒன்று தன்னைத்தானே சுற்றி மூடிக்கொள்ளலாம் என்பது உண்மை. வெள்ளீயமும் ஒட்சிசனும் கைகோத்து எல்லையின்றி நீளாமல், வெளிப்புறத்துக் காபன் தொகுதிகள் இடத்தை அடைத்துக்கொள்வதால், வளைந்து மூடிக் கூண்டாகின்றன. அதன் குறுக்களவு ஏறத்தாழ ஒரு நனோமீற்றர். இதைவிட மெல்லிய கோலமாவு கிடைப்பது அரிது.

கூண்டின் உள்ளமைப்பு ஒழுங்கு நிறைந்தது. நடுவில் ஆறு வெள்ளீய அணுக்கள் ஒட்டியாணம்போற் சூழ்ந்திருக்கும். இவை ஒவ்வொன்றும் நான்கு ஒட்சிசன்களோடு பிணைந்தவை. இரு முனைகளிலும் மும்மூன்றாக நிற்கும் ஏனைய ஆறும் ஐந்து ஒட்சிசன்களோடு பிணைந்தவை. ஒட்சிசன்களுட் பதினான்கு, மூன்று வெள்ளீயங்களுக்குப் பொதுவானவை. எஞ்சிய ஆறு ஐதரசனைத் தாங்கி, முனைகளிலே இரண்டு வெள்ளீயங்களுக்குப் பாலமாய் நிற்பவை. கணக்குப் பார்க்க விரும்பும் மாணவர் பார்க்கலாம்: ஆறு நான்கு இருபத்துநான்கு, ஆறைந்து முப்பது, ஆக 54 பிணைப்புகள். மறுபுறம் பதினான்கு மூன்று நாற்பத்திரண்டு, ஆறிரண்டு பன்னிரண்டு, ஆகவும் 54. ஏற்றக் கணக்கும் அவ்வாறே. காபன் தொகுதி தாங்கிய வெள்ளீயம் ஒன்றுக்கு நேர் 3 வீதம் 36. ஒட்சிசன்களுக்கு மறை 28. ஐதரொட்சில்களுக்கு மறை 6. எஞ்சுவது நேர் 2. ஆகவே கூண்டின் இரு முனைகளின் அருகிலும் மறை அயன்கள் வந்து அமர்ந்து அதனைச் சமன்செய்கின்றன.

ஒளி பட்டதும் நிகழ்வதைச் சுருக்கிச் சொல்லலாம். வெள்ளீயம் ஒளித்துணிக்கையை உறிஞ்சி இலத்திரனை உதறுகின்றது. அவ்விலத்திரன் வேறு இலத்திரன்களைக் கிளப்புகின்றது. இக்குழப்பத்திலே வெள்ளீயத்துக்கும் காபனுக்கும் இடையேயுள்ள பிணைப்பு, கூண்டிலே நலிந்தது அதுவாதலின், அறுகின்றது. காபன் தொகுதி வாயுவாய்ப் பறந்துபோகக் கூண்டு மொட்டையாகின்றது. மொட்டையான கூண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கரையாத வெள்ளீய ஒட்சைட்டு வலையாக இறுகுகின்றன. ஒளி படாத கூண்டுகள் தம் மயிர்ப் போர்வையோடு கரைந்து கழுவுண்டு போகின்றன. நியெப்சின் கீல் இறுகியதும் இதுவும் ஒரே குடும்பம் அன்றோ?

அமெரிக்காவில் ஒறிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் கெசுலர் என்பாருடைய ஆய்விலிருந்து 2007ஆம் ஆண்டு பிறந்த இன்பிரியா என்னும் நிறுவனம் இவ்வகைப் பூச்சுகளைத் தொழிலுக்குக் கொணர்ந்தது. 2021இல் ஜப்பானிய ஜேஎஸ்ஆர் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. நெதர்லாந்தில் பிரெட் புறோவர் குழுவினரும் இக்கூண்டுகளின் ஒளிவினையை ஆராய்ந்து வருகின்றனர்.

இனி, போத்தலில் இருப்பது மெய்யாகவே அக்கூண்டுதானா என்று அறிவது எவ்வாறு? இத்துறையின் முழு உழைப்பும் இக்கேள்வியிலேதான் அடங்கியிருக்கின்றது. தேயிலைத் தொழிற்சாலையிலே சல்லடைகள் அடுக்கடுக்காய் நின்று தூளைத் தரம் பிரிக்கின்றன. ஒரு தரத்திற்குள் வேறொன்று கலந்தால் ருசி பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். நனோமீற்றர்க் கூண்டுகளுக்குச் சல்லடை இல்லை. ஆகவே பல சாட்சிகளை விசாரித்து உண்மையைத் துணிய வேண்டியுள்ளது.

முதற் சாட்சி எக்ஸ் கதிர். பளிங்கில் ஒழுங்காய் அடுக்கப்பட்ட கூண்டுகள் கதிரைச் சிதறும் பாங்கிலிருந்து அணுக்களின் இடம் கணக்கிடப்படுகின்றது. இச்சாட்சிக்கும் ஒரு குறை உண்டு. வெள்ளீயத்தில் 50 இலத்திரன்கள், ஐதரசனில் ஒன்றே ஒன்று. பெருமுரசின் அருகே சிறுகுழலின் ஓசை கேட்பதில்லை. ஓரிடத்தில் இருப்பது ஒட்சிசனா, ஐதரொட்சிலா என்பதைப் பிணைப்பின் நீளத்தைக் கொண்டே உய்த்துணர வேண்டும். மேலும், பளிங்காகாத சேர்வையைப்பற்றி இக்கதிர் இவ்வளவு விரிவாய்ப் பேசாது.

இரண்டாம் சாட்சி கருக் காந்தப் பரிவு. வெள்ளீயத்திற்குப் பத்து உறுதியான சமதானிகள் உண்டு. வேறெந்த மூலகத்திற்கும் இத்தனை இல்லை. அவற்றுள் 119 என்னும் திணிவெண்ணுடையது, நூற்றுக்கு எட்டரைப் பங்கு அளவினது, காந்தப் புலத்திலே தன் அயலைப்பற்றிச் சொல்லும் இயல்புடையது. பியூட்டைல் தொகுதி தாங்கிய காற்பந்துக் கூண்டு கரைசலில் இருந்தால் இரண்டே குறிகள் தோன்றும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அலகில், ஒன்று ஏறத்தாழ மறை 280 அருகே; அஃது ஒட்டியாணத்து அணுக்களுடையது. மற்றது ஏறத்தாழ மறை 460 அருகே, அது முனைகளிலுள்ளவற்றினது. ஆறும் ஆறுமாதலின் இரண்டும் சம வலிமையோடு நிற்றல் வேண்டும். மூன்றாவது குறி எழுந்தால் வேறு பொருள் கலந்திருக்கின்றது என்பது தெளிவு. ஒரு சாட்சியின் வாயிலிருந்து இவ்வளவு வருவது அரிது. இம்முறைகளுள் மிக நயமானது இதுவே எனலாம்.

மூன்றாவது திணிவு நிறமாலை. பியூட்டைல் கூண்டின் மொத்தத் திணிவு ஏறத்தாழ 2436. ஏற்றம் இரண்டாதலின் கருவி 1218 என்று காட்ட வேண்டும். காட்டாவிடின் கூண்டு சிதைந்தது, அல்லது முதலிலிருந்தே இல்லை. இவற்றோடு, கரைசலிலே மிதக்கும் கூண்டின் பருமனையும் வடிவையும் சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறலாலும் அளக்கின்றனர்.

இத்தனை விசாரணை ஏன் என்று கேட்கலாம். பன்னிரண்டு வெள்ளீயம் கொண்ட கூண்டு காற்பந்து ஒன்றே அன்று. 1933ஆம் ஆண்டு கெகின் என்னும் ஆங்கிலேயர் தங்குதன் சேர்வை ஒன்றிற் கண்ட வேறோர் அமைப்பு உண்டு. நடுவில் ஓர் அணு, அதனைச் சூழ்ந்து நான்கு ஒட்சிசன், அவற்றைச் சூழ்ந்து பன்னிரண்டு உலோக அணுக்கள் என்பது அதன் ஒழுங்கு. 2017ஆம் ஆண்டு ஒறிகனில் மே நைமன் அம்மையார் குழுவினர், நடுவிலே சோடியத்தை வைத்து இவ்வமைப்பில் வெள்ளீயக் கூண்டுகளை ஆக்கிக் காட்டினர். கெகின் அமைப்புக்கு ஐந்து உருவங்கள் உண்டு. மூன்றணுக் கொத்து ஒன்றைத் திருகிவிட்டால் ஓர் உருவம் மற்றொன்றாகும். ஒன்றிற்கு மேற்பட்டவை ஒரே கரைசலில் கலந்து நிற்பதும் உண்டு. திணிவு பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஆயினும் உருவம் மாறினால் கரைதிறன் மாறலாம். கரைதிறன் மாறினால் கோட்டின் விளிம்பு மாறும். உருவை அறியாமல் பூச்சைச் செம்மைப்படுத்த முயல்வது, கொழுந்தைப் பாராமல் தேயிலைக்கு விலை சொல்வதை ஒக்கும்.

இந்தியாவிலும் இத்துறைக்கு வலுவான வேர் உண்டு. கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் வடபள்ளி சந்திரசேகர் அவர்கள் பல ஆண்டுகள் இவ்வகை வெள்ளீய ஒட்சிசன் அமைப்புகளை ஆராய்ந்து, முரசு, ஏணி, கூண்டு எனப் பல வடிவங்களை ஆக்கினார். கரைப்பான் ஏதுமின்றி, திண்மப் பொருள்களை உரலிலே சேர்த்து அரைத்தே சிலவற்றைப் பெற்றனர் என்பது அம்மி பழகிய மக்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவ்வாராய்ச்சி சில்லுகளை நோக்கி எழுந்ததன்று. அமைப்பை அறியும் ஆவலே அதற்குக் காரணம். பயன் பின்னால் வந்து சேர்ந்தது. 2009இல் இமாசலப் பிரதேசத்தின் மலைச்சரிவிலே தோன்றிய மண்டித் தொழினுட்பக் கழகத்தில் கென்னத் கொன்சால்வசு அவர்களின் குழு, வெள்ளீயம் சேர்ந்த பல்பகுதியப் பூச்சுகளை ஆக்கி அதிதீவிர ஊதாக்கடந்த ஒளியிற் சோதித்தது. பெருநகரத்தை விட்டு விலகிய மலைநாட்டுக் கழகம் ஒன்று இதனைச் செய்தது என்பதை ஊவாவின் மாணவர்கள் கருத்திற் கொள்ளுதல் தகும். கூண்டை ஆக்குவதற்குப் பலகோடி ரூபாய் இயந்திரம் வேண்டுவதில்லை. குடுவையும் பொறுமையும் போதும். அதனை அறியும் கருவிகளுக்குத்தான் பொருள் வேண்டும்.

வெள்ளீயத்தைப்பற்றிய அச்சம் ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. கப்பலின் அடியிற் சிப்பி ஒட்டாதிருக்கப் பூசிய மூபியூட்டைல் வெள்ளீயம் கடலிற் கரைந்து, பிரான்சின் ஆர்க்கசோன் குடாவிலே சிப்பி வளர்ப்பைச் சீரழித்தது. 1982இல் அந்நாடு அதனைக் கட்டுப்படுத்தியது. 2001இல் உலக நாடுகள் அத்தகைய பூச்சைத் தடைசெய்யும் உடன்படிக்கையை ஏற்றன. 2008இல் அது நடைமுறைக்கு வந்தது. நஞ்சின் கடுமை, வெள்ளீயத்தோடு பிணைந்த காபன் தொகுதிகளின் எண்ணிக்கையைப் பெரிதும் பொறுத்தது. மூன்று தாங்கியது கொடியது; ஒன்று தாங்கியது பெரிதும் தணிந்தது. கூண்டிலுள்ள ஒவ்வொரு வெள்ளீயமும் ஒன்றையே தாங்குகின்றது. ஆயினும் கூண்டை ஆக்குவதற்கு வாங்கும் மூலப்பொருளில், இரண்டும் மூன்றும் தாங்கியவை சிறு அளவிற் கலந்து வருவதுண்டு. அவற்றைக் காட்டிக்கொடுப்பதும் அந்த 119ஆம் சமதானியின் குறியே. ஒவ்வொன்றும் தனக்குரிய வேறோர் இடத்தில் எழுந்து நிற்கும்.